தோற்ற ஆட்டத்திலும் பாடம் உண்டு



பெட்மின்டன் போட்டியொன்றில் 16 பிள்ளைகள் சேர்ந்தால் கிண்ணம் ஒருவருக்குத்தான். மற்ற 15 பேரும் எங்கேயாவது ஓர் ஆட்டத்தில் தோற்றே ஆகவேண்டும். அதிலும் 8 பேர் முதல் சுற்றிலேயே வீடு திரும்புவார்கள். ஆகவே ஜெயிக்கப் பழகுவதைப் போலவே தோற்கப் பழகுவதும் நம் எல்லாருக்கும் வேண்டிய படிப்பு. இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

வீட்டில் என்ன சொல்கிறோம்?

தோற்று வந்த பிள்ளையிடம், "அப்பவே சொன்னேனே, இதெல்லாம் நமக்கு ஏலாதுன்னு" என்று சொல்லிவிடுகிறோம். நமக்கு அது ஒரு வார்த்தை. பிள்ளைக்கோ அதோடு ஆட்டமே முடிந்துபோகிறது. பொம்பளைப் பிள்ளை என்றால் அடுத்த முறை அனுப்பாமலிருக்க நமக்கும் ஒரு சாட்டு கிடைத்துவிடுகிறது. அன்றைக்கு, "சாப்பிட்டியா? கால் வலிக்குதா?" என்று கேட்டால் போதும். ஆட்டத்தைப் பற்றி மறுநாள் பேசலாம். தோல்விக்கு ஆள் தேடி நடுவரையும் எதிர் லயத்துப் பிள்ளைகளையும் ஏசினால், நம் பிள்ளை கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

புள்ளியை எண்ணுவோம்

முன்பு சேர்விஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 2006ஆம் ஆண்டிலிருந்து யார் போட்டாலும், ஒவ்வொரு அடியாட்டத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. 21 எடுத்தவருக்கு அந்த செட். 20க்கு 20 வந்தால் இரண்டு புள்ளி முந்த வேண்டும். 29க்கு 29 வந்தால் 30ஐ முதலில் எடுப்பவர் வெல்வார். ஆகவே நாம் விடும் ஒவ்வொரு பிழையும் எதிராளிக்குப் போகும் ஒரு புள்ளி.

ஒரு பிள்ளை 21க்கு 12 என்று தோற்றதாக வைத்துக்கொள்வோம். எதிராளி எடுத்த 21 புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள். சேர்விஸ் பிழை 5, கோட்டுக்கு வெளியே அடித்தது 6, வலையில் மாட்டியது 4. ஆக 15 புள்ளிகள் நாமே கொடுத்தவை. எதிராளி திறமையாக அடித்து எடுத்தது 6 மட்டுமே. "அவன் பெரிய ஆட்டக்காரன்" என்று பயந்த பிள்ளைக்கு இப்போது வேறொரு கணக்கு தெரிகிறது. பழைய கொப்பி ஒன்றை எடுத்து, கூடப் போகிற அண்ணனோ அக்காவோ ஒவ்வொரு புள்ளியும் எப்படிப் போனது என்று கோடு போட்டு வந்தால் போதும்.

இடம் மாறினால் ஷட்டிலும் மாறும்

இறகு ஷட்டிலின் எடை ஐந்து கிராம் அளவுதான். திறந்த வெளியில் சின்னக் காற்றும் அதைத் தள்ளிவிடும். மைதானத்தில் பழகிய பிள்ளை மண்டபத்துக்குள் ஆடும்போது தடுமாறுவது அதனால்தான். உயரமும் ஒரு காரணம். சுமார் 1,850 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி குறைவு. ஷட்டில் கூடுதல் தூரம் போகும். அங்கே பழகிய அதே அடி கொழும்பில் எட்டாமல் விழலாம். பிளாஸ்டிக் ஷட்டிலில் பச்சைப் பட்டி மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது.

ஆகவே, போட்டிக்கு முன்னால் கிடைக்கும் சில நிமிடங்களில் பின்கோட்டிலிருந்து பின்கோடு வரை அடித்துத் தூரத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். சேர்விஸ் விதியையும் கேட்டு வையுங்கள். 2018ஆம் ஆண்டிலிருந்து பெரிய சர்வதேசப் போட்டிகளில் 1.15 மீற்றர் உயரத்துக்குக் கீழே சேர்விஸ் அடிக்க வேண்டும். ஊர்ப் போட்டிகளில் இடுப்பு அளவு பார்ப்பதும் உண்டு.

காசு செலவில்லாத பயிற்சி

1. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஐந்தடி உயரத்தில் கயிறு கட்டுங்கள். வலையின் நடு உயரம் அதுதான். கயிற்றிலிருந்து ஆறரை அடி தள்ளிக் கோடு போட்டு, கோட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு கொழுந்துக் கூடையை வையுங்கள். எதிர்ப்பக்கமும் அதே தூரத்தில் கோடு போட்டு, அதற்குப் பின்னால் நின்று தினம் 20 சேர்விஸ் போட்டு, கூடையில் எத்தனை விழுந்தது என்று எழுதுங்கள்.

2. ஷட்டில் இல்லாமலே முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வொரு தடவையும் நடு இடத்துக்குத் திரும்பப் பழகுங்கள். அடித்த இடத்திலேயே நிற்பவருக்கு அடுத்த ஷட்டில் எட்டாது.

3. எல்லாப் பிழையையும் ஒரேயடியாகத் திருத்த ஏலாது. கொப்பியில் கூடுதலாக இருக்கும் ஒரு பிழையை மட்டும் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உலக வீராங்கனையும் தோற்றவரே

இந்தியாவின் பி. வி. சிந்து 2017 உலகப் போட்டி இறுதியாட்டத்தில் ஜப்பானின் நொசோமி ஒக்குஹாராவோடு 110 நிமிடம் ஆடி, கடைசி செட்டில் 22க்கு 20 என்று தோற்றார். 2018 இறுதியாட்டத்திலும் ஸ்பெயினின் கரோலினா மரினிடம் தோற்றார். 2019இல் அதே ஒக்குஹாராவை 21க்கு 7, 21க்கு 7 என்று வென்று உலகப் பட்டத்தை எடுத்தார். இரண்டு தோல்விக்குப் பிறகும் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை.

வீட்டில் பேசிப் பார்க்க

- நம் பிள்ளை கடைசியாகத் தோற்றபோது நாம் சொன்ன முதல் வார்த்தை என்ன?
- ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோமா?
- அடுத்த போட்டிக்கு முன் திருத்த வேண்டிய அந்த ஒரு பிழை எது?

பதிலைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்வோம்.