தலை மழித்தலும் கத்தி தீட்டலும்

ஹஜ்ஜிலும் உம்றாவிலும் தலைமுடியை மழித்துக்கொள்வோருக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை துஆச் செய்தார்கள்; குறைத்துக்கொள்வோருக்காக ஒரு முறை. இதை அறிந்திருந்தும் நம் ஆண்களில் பலர் சவரக்கத்திக்கு அஞ்சிக் கத்தரியோடு நின்றுவிடுகிறோம். ஆனால் வலிக்குக் காரணம் கத்தியின் கூர்மையல்ல, மழுக்கமே. மினாவில் நம்முடன் வந்த முதியவர் ஒருவர் நான்கிடத்தில் இரத்தம் கசிய எழுந்து வந்தார். அந்தக் கத்தி அவருக்குமுன் எத்தனை தலைகளைக் கண்டதோ!

ஆகவே சகோதரர்களே, மடக்குக் கத்தியைத் தீட்டவும் பிடிக்கவும் ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள். (தாடியை எடுக்க வழி சொல்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம்.)

கல்லை நனைத்துக் கத்தியை அதன்மேல் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படவேண்டும். வாய் முன்னே செல்லுமாறு தள்ளி, முதுகின்மேல் புரட்டித் திருப்பவேண்டும். வாய்பிடிக்க 1000 எண் கல், மெருகிட 8000 எண் கல். அழுத்தவே கூடாது.

அடுத்தது தோல்வார். இங்கே முதுகுதான் முன்னே, வாய் பின்னே. வாரை இறுக இழுத்துப் பிடிக்காவிட்டால் அது தொய்ந்து, வாயை மழுக்கிவிடும். கல்லில் அரைமணி நேரம் உழைத்ததை வாரில் அரை நிமிடத்தில் இழப்பவர்களே அதிகம், நாமும் இழந்திருக்கிறோம். நிதானமாக முப்பது, நாற்பது முறை இழுத்தால் போதும். கல் எப்போதாவது, வாரோ ஒவ்வொரு முறையும். முன்கை முடியை லேசாகத் தொட்டதும் கத்தி அறுக்கவேண்டும். விரலை வைத்துப் பார்க்காதீர்கள்.

கைப்பழக்கத்திற்கு ஊதிய பலூனில் நுரை பூசிச் சிரைத்துப் பாருங்கள். அழுத்தம் கூடினால் அதுவே வெடித்துச் சொல்லிவிடும்!

மழிக்கும்போது முடி வெந்நீரில் நன்கு ஊறட்டும். இஹ்ராமில் இருப்பவருக்கு மணமுள்ள சோப்பு ஆகாது. இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை 30 பாகை அளவில் சாய்த்து, முடி வளர்ந்த போக்கிலேயே இறக்குங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வலப்புறத்தையே முதலில் காட்டினார்கள். காதின் பின்புறத்திலும் பிடரியிலும் அவசரம் வேண்டாம்.

தோழர்கள் ஒருவருக்கொருவர் மழித்துவிடலாம். ஆனால் அவரவர் கத்தி அவரவருக்கே. காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்களாவது உயிரோடிருக்கும். துணியால் துடைப்பதால் அது போகாது.

கத்தியைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.