தட்டில் விழுந்தது எவ்வளவு, வயிற்றுக்குள் போனது எவ்வளவு?

சத்துணவுப் பதிவேட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதுகிறோம். ஒரு குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்பது அதில் தெரியாது. தொடக்கநிலைக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம் என்பது சமைக்காத எடை. அரிசி வெந்தால் நீரை உறிஞ்சி இரண்டரை, மூன்று மடங்காகும். ஆகவே தட்டில் 250 கிராம் சோற்றைக் கண்டு தாராளம் என்று எண்ணிவிடக் கூடாது.

என் ஐந்தாம் வகுப்பில் கழித்தல் கணக்கை மின்னணுத் தராசோடு நடத்தினேன். வெறும் தட்டு, பரிமாறிய தட்டு, சாப்பிட்டு முடித்த தட்டு என மூன்று எடைகள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஐந்து பேர், ஒரு வாரம். மிச்சத்தைக் கழிப்பது எளிது. சிந்தியதையும் பக்கத்துத் தட்டுக்குப் போனதையும் கவனிக்க ஒருவர் அருகிலேயே உட்கார வேண்டும். ஒரு சிறுமியின் முட்டை தினமும் 'உண்டது' கணக்கில் வந்தது. அதை அவள் டப்பாவில் வைத்து மூன்று வயதுத் தம்பிக்குக் கொண்டுபோவதை, அருகில் உட்கார்ந்த மாணவிதான் கண்டு சொன்னாள். அம்மாவிடம் பேசி, தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தோம். இப்போது முட்டையை அவளே சாப்பிடுகிறாள்.

தராசு இல்லையா? மிச்சம் காலா, அரையா, முக்காலா என்று இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடட்டும். மறுநாள் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டு எழுதாதீர்கள், ஆறு வயதுக் குழந்தை பெரும்பாலும் தனக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். எடை போடுவதைப் பார்த்து உற்சாகத்தில் கூடுதலாகச் சாப்பிடுவோரும் உண்டு. முதல் நாள் கணக்கைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.