மனநோய் மருத்துவமனையின் கட்டட அமைப்பு

பிற மருத்துவமனைகளில் கட்டடம் என்பது சிகிச்சை நடைபெறும் இடம். மனநோய் மருத்துவமனையிலோ கட்டடமே சிகிச்சையின் ஒரு பகுதியாகும். நம் நாட்டில் சென்ற நூற்றாண்டுகளில் எழுந்த மனநோய் விடுதிகள் பல, ஊருக்குப் புறத்தே, உயர்ந்த மதில்களுடனும் நீண்ட கூடங்களுடனும் அமைக்கப்பட்டன. நோயாளியைக் குணப்படுத்துவதைவிட விலக்கி வைப்பதே அவற்றின் நோக்கமாயிருந்தது.

இந்நிலை மாறக்கூடும் என்பதை அமிர்தசரஸ் காட்டியது. 1950ஆம் ஆண்டுகளில் அங்குப் பணியாற்றிய டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளுடன் அவர்தம் குடும்பத்தினரையும் தங்கச் செய்தார். நோயைப் பற்றிய அச்சம் உறவினரிடம் நீங்கவே, நோயாளிகள் வீடு திரும்புவது எளிதாயிற்று. ஆகவே, புதிய மருத்துவமனையில் குடும்பத்தினர் தங்குவதற்கு இடம் ஒதுக்குதல் இன்றியமையாதது.

அறையின் ஒழுங்கும் கருதத்தக்கது. கனடாவில் ஸஸ்காட்செவன் மாகாண மருத்துவமனை ஒன்றில், முதியோர் பகுதியில் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாய் இடப்பட்டிருந்தன, நோயாளிகள் பேசாதிருந்தனர். அவற்றைச் சிறு மேசைகளைச் சுற்றி அமைத்தபின் உரையாடல் ஏறக்குறைய இருமடங்காயிற்று என்று 1958இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. நூறு பேர் படுக்கும் கூடத்தைவிடச் சிலர் சேர்ந்து வாழும் சிறு பிரிவுகளும், தனித்திருக்க விரும்புவோர்க்குத் தனியறையும் சிறந்தவை என்பது இதனின்றும் விளங்கும்.

வெளிச்சமும் பசுமையும் அடுத்தவை. அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுள், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இதை ராஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்டார். அவர்கள் மனநோயாளிகள் அல்லர். எனினும் ஸ்வீடனின் காதன்பர்க் நகரில், தனியறைகளும் தோட்டங்களும் கொண்டு கட்டப்பட்ட புதிய மனநோய் மருத்துவமனையில், நோயாளிகளைக் கட்டிவைக்கும் நிகழ்ச்சிகள் பழைய கட்டடத்தில் இருந்ததைவிடக் குறைந்தன என அவரும் பிறரும் 2018இல் தெரிவித்தனர். நம் தட்பவெப்பத்திற்கு முற்றமும் தாழ்வாரமும் மிகப் பொருந்துவன.

பாதுகாப்பு குறைதல் ஆகாது. ஆனால் அது சிறையின் தோற்றத்தைத் தருதலும் ஆகாது. கயிறு மாட்டக்கூடிய கொக்கிகளும் வெளியே தெரியும் குழாய்களும் நீக்கப்படல் வேண்டும். உடையாக் கண்ணாடி பொருத்தினால் கம்பிகளின் தேவை குறையும். உள்ளே ஒருவர் தடுத்து நின்றாலும் திறக்கும்படி கதவுகள் அமைதல் வேண்டும். தீ விபத்தின்போது யாவரும் வெளியேற வழி இருத்தல் அதனினும் முதன்மையானது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலையும் தனிமைச் சிறை வைத்தலையும் விலக்கியுள்ளது. எனவே, தனிமைக் கொட்டடிக்குக் கட்டடத் திட்டத்தில் இடமே இல்லை.

மருத்துவமனையைக் காணச் செல்லும் களப்பணியாளர் பின்வருவனவற்றை நோக்குதல் நன்று: குடும்பத்தினர் தங்க இடம் உண்டா? நோயாளி தம் உடைமைகளை வைத்துக்கொள்ளப் பெட்டி உண்டா? சமைக்கவும் தொழில் பழகவும் வசதி உண்டா? தோட்டத்திற்குச் செல்லும் கதவு பகலில் திறந்திருக்கிறதா? இவற்றிற்குக் கிடைக்கும் விடைகளே, அக்கட்டடம் நோயாளியை வீட்டிற்கு ஆயத்தம் செய்கிறதா, அன்றி விலக்கி வைக்கிறதா என்பதை உணர்த்தும்.