சத்தத்தை ஏற்றுவதா மாஸ்டரிங்?

ஆடித்தபசு நெருங்கினால் சங்கரன்கோவில் பக்கம் கோமதி அம்மன் பாட்டுகள் வரிசையாக வெளிவரும். கூடவே அந்தப் பேச்சும் வந்துவிடும்: "அண்ணாச்சி, பாட்டுல சவுண்டு பத்தல. மாஸ்டரிங்ல ஏத்திக் குடுங்க." பாடுகிறவர், பணம் போட்டவர், ரேடியோ செட்டுக்காரர், எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். மாஸ்டரிங் என்பது மிக்ஸிங்கில் கலந்து முடித்த பாட்டுக்கு வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசிப் பக்குவம். உரக்கக் கேட்டால் அது நல்ல மாஸ்டரிங்காம். சுத்தத் தவறு.

டிஜிட்டல் ஒலிக்குப் பூஜ்ய டெசிபெல் என்று மேல்வரம்பு உண்டு. அதைத் தாண்ட வழியில்லை. ஆகவே லிமிட்டரைப் போட்டு உச்சங்களை அமுக்கிவிட்டு, மொத்தத்தையும் மேலே தூக்குகிறார்கள். இந்தப் பாட்டுகளில் வரும் நையாண்டி மேளத்தில் உச்சம் எது? தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழும் கணம்தானே! பம்பையின் அடிதானே! அதை நசுக்கினால் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் போய்விடும். நாயனமும் தவிலும் ஒரே இரைச்சலாகிவிடும்.

இந்தச் சேதத்துக்குப் பலனாவது உண்டா? அதுவும் இல்லை. காதுக்கு ஒரு பாட்டு எவ்வளவு உரப்பாகப் படுகிறது என்பதை லஃப்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். யூடியூப் வைத்திருக்கும் அளவு சுமார் மைனஸ் 14. நீங்கள் மைனஸ் 7க்கு ஏற்றிக்கொண்டு போனால், அது 7 டெசிபெல் இறக்கித்தான் ஒலிக்கவிடும். உரப்பும் கிடைக்காது, தவிலும் செத்திருக்கும். 2008இல் மெட்டாலிகா ராக் இசைக்குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் இப்படி நசுங்கி வந்தபோது, அவர்களுடைய ரசிகர்களே திருத்தித் தரச் சொல்லி மனுப்போட்டார்கள். நாம் இன்னும் அதே பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கிறோம்.

"கோயில் கொடையில குழாய் ஸ்பீக்கர்ல எடுபடணுமே?" என்பார்கள். அங்கே உரப்பைக் கூட்ட ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. நசுங்கிய அடியை முழுசாக மீட்க எந்தக் கருவியும் இல்லை.

ஒலிப்பதிவு பற்றிய மற்றத் தவறான நம்பிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்காது. சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் சந்தில்லாத கதவும் வேண்டும். எம்பி3 கோப்பை வேவ் கோப்பாக மாற்றினால் தொலைந்த ஒலி திரும்பாது. குரல் அமுங்கியிருந்தால் மிக்ஸிங்குக்குத் திரும்புங்கள். இரண்டு சேனலாகக் கலந்து வந்ததில் மாஸ்டரிங் செய்பவர் என்ன பிரிப்பார்? பெரிய ஸ்டூடியோ இருந்தால்தான் நல்ல பாட்டு வருமா? 1992இல் வந்த 'ரோஜா' படத்தின் இசை, ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து அமைத்த ஸ்டூடியோவில் உருவானது.

சத்தத்துக்குச் செலவிடும் அக்கறையில் கொஞ்சம் மூலப்பதிவுகளுக்கும் செலவிடுங்கள். பாட்டு வெளியானதும் தனித்தனி டிராக்குகளை அழித்துவிடுகிற வழக்கம் கொடுமை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்த ஐந்து நிமிடப் பாட்டுக்கு 16 டிராக் இருந்தாலும் சுமார் 700 எம்பிதான். வில்லுப்பாட்டிலும் நையாண்டி மேளத்திலும் மூத்த கலைஞர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். லிமிட்டர் படாத அவர்களுடைய உடுக்கையும் உறுமியும் இரண்டு ஹார்டுடிஸ்க்கில், இரண்டு வெவ்வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஸ்டூடியோக்காரரிடம் பாட்டை வாங்கும்போதே டிராக்குகளையும் கேட்டு வாங்குங்கள்.