குளிர்காலம் தாண்டும் பாம் செடி

1. பூக்கடையில் முளைத்த தேங்காயோடு சாடியில் நிற்கும் தென்னங்கன்றைக் கண்டால் எங்களவர்க்குக் கை தானாக நீளும். வேண்டாம். அது கேட்கிற வெயில் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் இல்லை. அநேகமாக முதல் குளிர்காலத்திலேயே போய்விடும். லோர்ட் ஹோவ் தீவிலிருந்து வந்த கென்டியா பாமை வாங்குங்கள். விலை கூட, வளர்ச்சியும் மெது. ஆனால் மங்கல் வெளிச்சத்தைத் தாங்கும். மடகஸ்கார் அரேக்காவுக்கு வெளிச்சம் இன்னும் அதிகம் வேண்டும்.

2. டிசம்பர் கடைசியில் இங்கே பகல் 7 மணி நேரம்தான். அப்போது செடி தெற்கு யன்னலருகே நிற்கட்டும். ஜூனில் பகல் பதினேழரை மணி நேரம். உச்சி வெயிலில் இலை கருகும், ஓரடி உள்ளே இழுத்துவிடுங்கள்.

3. சிக்கல் என்னவென்றால், அந்த யன்னலுக்குக் கீழேதான் ரேடியேட்டரும் இருக்கும். காய்ந்த சூட்டில் இலை நுனி பழுப்பாகும். தாகம் என்று நினைத்து நாங்கள் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், வேர் அழுகும். குளிரில் செத்த பாமைவிட இப்படி மூழ்கிச் செத்ததுதான் அதிகம் என்பேன். ரேடியேட்டரை விட்டுத் தள்ளி வையுங்கள். இலையில் தண்ணீர் தெளிப்பதால் பெரிய பயனில்லை, சில நிமிடத்தில் காய்ந்துவிடும். பொட்டனிக்கல் தோட்டத்து வெப்பமண்டலக் கண்ணாடி வீட்டுக்குள் குளிர்காலத்தில் நுழைந்து பாருங்கள்: மூக்குக்கண்ணாடி உடனே புகைபடும். செடி கேட்பது அந்த ஈரக் காற்றை.

4. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விடுங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஊற்றினால் நன்றாக ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு குழாய்த் தண்ணீரில் உள்ளதுதான். அதைத் தவிர்க்க, பல்கனியில் வாளி வைத்து மழைத்தண்ணீர் பிடித்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றலாம்.

5. காற்று மாற்ற யன்னலைத் திறக்கும்போது பனிக்காற்று இலையில் நேரே படக் கூடாது.

6. இலையின் அடிப்புறம் நுண்ணிய வலையும் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப்பேன். குளியலறைக்குத் தூக்கிப்போய், இளஞ்சூட்டு நீரால் அடிப்புறத்தைக் கழுவுங்கள். வாரம் ஒருதரம், நாலு வாரம்.

7. காய்ந்த நுனியை வெட்டும்போது பழுப்பில் ஒரு நூலளவு விட்டு வெட்டுங்கள். பச்சையைத் தொட்டால் அங்கிருந்து மறுபடி காயும். குருத்தில் கத்திரிக்கோல் படவே கூடாது. கென்டியாவும் எங்கள் பனை மாதிரித்தான்: தண்டுக்கு ஒரே குருத்து, அது போனால் தண்டே போச்சு.

8. உரம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, போத்தலில் சொன்னதில் பாதி. மற்ற மாதங்களில் ஒரு துளியும் வேண்டாம்.