சிடி அலமாரியிலிருந்து சட்டைப் பைக்கு

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. அதே உப்புக்காற்றுதான் கூடத்து அலமாரியில் இருக்கும் சிடிகளையும் தொடுகிறது. சிடியின் அலுமினியப் பூச்சு, பெயர் அச்சிட்ட பக்கத்தில்தான் இருக்கிறது. அதைக் காப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. அங்கே கீறல் விழுந்தால் ஈரம் புகுந்து அரிக்கத் தொடங்கும். சந்தேகப்படும் சிடியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் பல இடங்களில் வெளிச்சம் கசிந்தால், அதைத்தான் முதலில் நகலெடுக்க வேண்டும்.

ஆகவே முதலில் நகல், சட்டைப் பையில் போடும் பிளேயர் வாங்குவது அப்புறம். பிளேயர் எப்போதும் கிடைக்கும். எப்போதோ மூடிவிட்ட கம்பெனி வெளியிட்ட கச்சேரி சிடி போனால் போனதுதான்.

இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி போட இடமில்லை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் வேண்டும். விண்டோஸுக்கு ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற மென்பொருள் இருக்கிறது. கீறலுள்ள இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. ராகம், இயற்றியவர் பெயர்களைப் பெரும்பாலும் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் ‘டிராக் 03’ என்று 200 கோப்புகள் சேர்ந்துவிட்டால் தோடியைத் தேடி எடுக்கவே முடியாது.

நகலை எந்த வடிவில் சேமிப்பது, ஃப்ளாக்கா, எம்பி3யா? ஒரு மணி நேர சிடி 635 எம்பி. ஃப்ளாக்கில் எதையும் இழக்காமல் ஏறக்குறைய 350 எம்பி ஆகும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 144. ஃப்ளாக்கில் 200 சிடிகள் 128 ஜிபி கார்டில் அடங்கிவிடும். ஃப்ளாக்கிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், எம்பி3யில் போனது திரும்பாது. ‘ஒரே சிடியில் 100 பாடல்கள்’ என்று விற்றார்களே, அவை ஏற்கெனவே எம்பி3. அப்படியே காப்பி செய்தால் போதும். பழையதைச் சூடாக்கினால் புதுச்சோறு ஆகிவிடாது.

இனி பிளேயர். ஐபாட் தயாரிப்பை ஆப்பிள் 2022-இல் நிறுத்திவிட்டது. சோனி வாக்மேன், ஃபியோ போன்ற தனிப் பிளேயர்கள் நல்ல ஹெட்போன் வைத்திருப்பவருக்கே பொருந்தும். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை 60 கிலோமீட்டர் மின்சார ரயிலில் போகிறவருக்கு அந்தச் செலவு வீண். கொளவாய் ஏரி தாண்டுவதற்குள் ரயில் சத்தம் நுணுக்கத்தையெல்லாம் விழுங்கிவிடும். அவருக்கு மெமரி கார்டு போடும் பழைய போன், வயர் இயர்போன், எம்பி3 போதும். வாங்கினாலும் சரி, பழைய போனை எடுத்தாலும் சரி, ‘கேப்லெஸ்’ வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் வெட்டு விழும்.

பட்டனைத் திருகிப் பாட்டுக் கேட்க விரும்பும் பெரியவர்களுக்கு சரிகமாவின் கார்வான் பொருத்தம். 5000 பாடல்கள் உள்ளேயே இருக்கின்றன. பென் டிரைவும் செருகலாம். சொந்த சிடிகளை அதில் எம்பி3யாகப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

நகலெடுத்த ஹார்டு டிஸ்க் ஒன்றை வீட்டிலும், இன்னொன்றைச் சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே, செங்கல்பட்டில் உறவினர் வீட்டிலும் வையுங்கள். அங்கே கடற்காற்று இவ்வளவு உப்பாக இருக்காது.