ஒரே டிவி உள்ள வீட்டுக்கு எந்த கேம் கன்சோல்?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே டிவி. சாயங்காலம் விளக்கு வைத்ததும் அது பிள்ளைகளின் அப்பத்தாவுக்குச் சொந்தம். சீரியல் முடியும்வரை ரிமோட் வேறு கைக்குப் போகாது. புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதுதான் நிலை. கையடக்கமாகவும் டிவியிலும் விளையாடுகிற கன்சோல் இரண்டிலும் அரைகுறையாகத்தானே இருக்கும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நம் ஊர் வீடுகளுக்கு இரண்டும் சேர்ந்ததுதான் பொருத்தம் என்பேன். அப்படிப்பட்ட ஒன்றான நிண்டெண்டோ ஸ்விட்ச்சோடு பழகியதில் தெரிந்துகொண்டவை இவை.

கரண்டை முதலில் பாருங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அன்றிலிருந்து எந்தச் சாதனம் வாங்கினாலும், கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிஎஸ் 5 போன்ற வீட்டுக் கன்சோலில் பேட்டரி கிடையாது. பெரிய ஆட்டங்களில் 200 வாட் அளவுக்கு இழுக்கும். ஸ்விட்ச், டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் இருக்கும்போதுகூட 20 வாட்டைத் தாண்டாது. கரண்ட் போனால் டாக்கிலிருந்து எடுத்து, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளில் இதன் அருமை தெரியும்.

எந்த மாடல்?

2017-இல் வந்த முதல் ஸ்விட்ச்சின் பேட்டரி ஆட்டத்தைப் பொறுத்து 2.5 முதல் 6.5 மணி நேரம் வரும். 2019-இல் திருத்திய மாடலில் 4.5 முதல் 9 மணி. அதன் பெட்டி முழுக்கச் சிவப்பாக இருக்கும். பழையது வாங்குகிறவர்கள் கவனிக்கவும். 'லைட்' மாடலை விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். அதை டிவியில் இணைக்கவே முடியாது.

எதை இழக்கிறோம்?

கையில் எடுத்ததும் பேட்டரியைக் காப்பாற்ற சிப்பின் வேகம் குறைகிறது. டிவியில் 1080பி வரை வரும் படம் சின்னத் திரையில் 720பி ஆகிறது. எழுத்து நிறைந்த ஆட்டங்களைக் கையில் வைத்து விளையாடினால் கண் வலிக்கும். அவற்றை டிவி கிடைக்கும் நேரத்துக்கு ஒதுக்குகிறோம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கையிலேயே 1080பி, டிவியில் 4கே வரை தருகிறது. ஆனால் பேட்டரி மறுபடியும் 2 முதல் 6.5 மணிக்கு இறங்கிவிட்டது.

வாங்கும் முன்பும் பின்பும்

• டிவியில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு கொடுத்த பழைய கலர் டிவி என்றால் தனியாக கன்வெர்ட்டர் வேண்டும்.

• டாக்குக்கு அதன் சொந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். அது 15 வோல்ட் கேட்கும். சாதாரண போன் சார்ஜரில் டிவிக்குப் படம் வராது.

• 35 டிகிரி வெயிலுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்கிறது நிறுவனம். நம் ஊர் மே மாத மதியத்தில் ஓய்வு கொடுங்கள்.

• ஸ்விட்ச் இங்கே பெரும்பாலும் இறக்குமதிச் சரக்குதான். வாரண்டி யார் தருகிறார்கள் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

• அறந்தாங்கியில் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது டாக்கையும் பையில் போட்டுக்கொள்கிறோம். இரு பக்கமும் உள்ள கன்ட்ரோலரான ஜாய்கானைக் கழற்றி ஆளுக்கொன்று பிடித்தால் பல ஆட்டங்களை இரண்டு பிள்ளைகள் சேர்ந்தே விளையாடலாம்.

தனக்கென்று அறையும் பெரிய டிவியும் உள்ளவர்களுக்கு வீட்டுக் கன்சோலே போதும். படத்தின் தரத்தில் அதை மிஞ்ச முடியாது. டிவியைக் குடும்பமே பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில், யாரோடும் சண்டை போடாமல் பிள்ளைகள் விளையாட முடிவதுதான் எனக்கு முக்கியம். அதற்காகக் கொஞ்சம் படத் தரத்தை விட்டுக்கொடுக்கலாம்.